பனை ஏறும்போது வந்துவிட்ட பயம்: ஏறுவதா, நிறுத்துவதா?

கேள்வி: தேரிக்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். திருச்செந்தூர்ப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் காட்டை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அப்பாவுடன் சேர்ந்து நான்காவது ஆண்டாகப் பனை ஏறி வருகிறேன். இந்தப் பருவத்தில் 28 மரங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. காலையும் மாலையும் ஏறிப் பதநீருக்காகப் பாளை (பூங்குலை) சீவ வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன், பொழுது விடிவதற்குள், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ஏறி, ஓலைகள் விரியும் உச்சியான கொண்டைக்குள் நுழையும்போது, வலக்கையால் பற்றிய மட்டை அடியோடு கழன்று வந்துவிட்டது. இடக்கை வேறொரு மட்டையில் இருந்ததால் விழவில்லை. ஆனால் கால்களைப் பிணைக்கும் நார் வளையமான தளைநார் நழுவி, மூச்சு மூன்று நான்கு முறை வந்து போகும் நேரம் ஒற்றைக் கையில் தொங்கினேன். மட்டையோரப் பல்லான கருக்கு கிழித்த காயம் தவிர உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பாதி மரம் ஏறியதும் தொடை நடுங்குகிறது. உச்சியை நிமிர்ந்து பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. நாலு நாள் விடாமல் ஏறினால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தொழில் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். இந்தப் பயம் தானாகப் போகக்கூடியதா, அல்லது நிறுத்திவிடு என்று உடம்பு சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? தென்னைக்குப் பயன்படுத்தும் ஏறும் கருவியும் இடுப்புப் பட்டையும் பனைக்கு உதவுமா?

பதில்: அக்கானிக் குடுவை

தம்பி, நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். 31 ஆண்டுகள் ஏறிவிட்டு, மூட்டு ஒத்துழைக்காததால் நிறுத்தியவன். தங்கள் தந்தையின் சொல்லை மறுப்பதாக நினைக்க வேண்டாம். என் தந்தையும் அதையேதான் சொன்னார். ஆனால் நடுக்கம் இருக்கும்போது உயர்ந்த மரத்தில் ஏறுவது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம். அஞ்சிய கை மரத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் முன்கை விரைவில் சோர்ந்துபோகும். சோர்ந்த கையோடு கொண்டைக்குப் போனால், நிதானமாக இருந்த நாளில் வந்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து வரும். ஒரு வாரம் உயர்ந்த மரங்களைத் தந்தையிடம் விட்டுவிட்டு, முப்பது அடிக்குள் இருக்கும் இளம் பனைகளான வடலிகளை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஏறிப் பாருங்கள்.

வெளியாட்கள் பனையின் உயரத்தைப் பார்த்து அஞ்சுவார்கள். ஏறுகிறவனுக்கு நடுமரத்தில் அச்சமில்லை. அங்கே நெஞ்சும் பாதமும் மரத்தோடு ஒட்டியிருக்கின்றன. ஆபத்தெல்லாம் கடைசி ஒரு முழத்தில்தான் இருக்கிறது. மரத்தை விட்டுவிட்டு மட்டையை நம்ப வேண்டிய இடம் அது. அந்த நேரத்தில் உடல் வெளிப்புறமாகச் சாய்கிறது, இடுப்பில் அருவாப்பெட்டி தொங்குகிறது, இறங்கும்போது நிறைந்த குடுவையின் கனமும் சேர்ந்துகொள்கிறது. பச்சை மட்டை ஓர் ஆளைத் தாங்கும். பழுத்த மட்டையும் காய்ந்த மட்டையும் பார்ப்பதற்கு ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தாலும் அடியில் பிடிப்பு விட்டிருக்கும். தங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பழுப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே பருவத்தின் தொடக்கத்திலேயே, பகலில், ஒவ்வொரு மரத்திலும் காய்ந்த மட்டைகளை முழுவதுமாகக் கழித்துவிட வேண்டும். அதைச் செய்வதற்குக் கூலி எதுவும் வராது என்பதால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளிப்போட்டிருக்கிறேன், ஒருமுறை அதற்காக இடத் தோள்பட்டையை விலை கொடுத்தேன்.

இரண்டாவது, மட்டை இடுக்கு. மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடைக்குள் பூரானும் தேளும் குடியிருக்கும். கொம்பேறி மூக்கன் பாம்பைக் கண்டு மிரண்டு கையை விட்டவர்கள் உண்டு. உண்மையில் அதன் கடியில் மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. ஆளை வீழ்த்துவது அந்தத் திடுக்கிடல்தான். கதண்டு என்னும் பெரிய குளவி அப்படியன்று. கூடு கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும், அறுபது அடி உயரத்தில் ஓடுவதற்கு இடமும் இல்லை. ஏறுவதற்கு முன் கீழே நின்று, கொண்டையைச் சுற்றிக் கதண்டு போய் வருகிறதா என்று சிறிது நேரம் பாருங்கள். இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரவில் வந்து கூட்டை அழித்துத் தருவார்கள்.

மின்னலைப் பற்றி ஒரு சொல். சித்திரை, வைகாசியில் பதநீர் நன்றாக ஊறுகிற காலமும் கோடை இடி விழும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. வெட்டவெளியில் தனித்து நிற்கும் பனை இடியை வாங்கிக் கருகுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். மின்னல் கண்டபின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், இடி ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். எத்தனை கலயம் மீதியிருந்தாலும் இறங்கிவிடுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் ஏற வேண்டாம். மழை நனைத்த மரம் காயும்வரை தளைநாரும் பிடிக்காது.

கடைசியாக, தனியாக ஏறாதீர்கள். எங்கள் காலத்தில் ஒரு விளையில் (தோப்பில்) நாலைந்து பேர் ஏறுவோம். மரத்துக்கு மரம் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். ஒருவன் குரல் வரவில்லை என்றால் மற்றவன் இறங்கிப் போய்ப் பார்ப்பான். இன்று ஒரு காட்டுக்கு ஒருவர் என்றாகிவிட்டது. விடியுமுன் விழுந்தவரை ஆடு மேய்க்க வந்தவர் கண்டெடுத்த கதையை நான் கேட்டிருக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன், அம்மாவிடம் மறைக்க வேண்டாம். எந்த மரங்களுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பதில்: இயன்முறை மருத்துவர், மதுரை

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் பணி. பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அறுபது அடியிலிருந்து விழுபவர் இரண்டு விநாடிக்குள் மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடுகிறார். தேரி மணல் அதைச் சற்றே குறைக்கலாம், தடுத்துவிடாது.

நான் இங்கே எழுத வந்தது விழுந்த பிறகு நடப்பதைப் பற்றி. பதற்றத்தில் இருவர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, இருசக்கர வண்டியில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்கள். எலும்பு மட்டும் முறிந்து, தண்டுவடம் தப்பியிருந்த ஒருவருக்கு, அந்தப் பயணத்திலேயே கால்கள் உணர்விழந்து போகக்கூடும். விழுந்தவரை அசைக்காமல், கழுத்தையும் முதுகையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் புரட்டிக் கதவு அல்லது பலகை ஒன்றின் மேல் ஏற்றுங்கள். 108 வரும்வரை காத்திருப்பது பெரும்பாலும் நல்லது. இன்னொன்று: காலூன்றி விழுந்தவர் குதிகால் வலியை மட்டும்தான் சொல்வார். குதிகால் எலும்பு நொறுங்கும் அளவுக்கு விழுந்திருந்தால் இடுப்புப் பகுதி முதுகெலும்பும் அழுந்தியிருக்க வாய்ப்பு உண்டு. அதையும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதண்டு கொட்டியவருக்கு மூச்சுத் திணறலோ, முகம், தொண்டை வீக்கமோ வந்தால், சுண்ணாம்பு தடவி வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தங்கள் நடுக்கம் கோழைத்தனம் அன்று, நண்பரே. உயிர் போகும் தருணத்தைக் கண்ட உடல் அதை மறக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். இரவில் தூக்கம் கெட்டு, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து, ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பேசுங்கள்.

பதில்: பொள்ளாச்சித் தோப்பு

கருவியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் உருவான, இரண்டு மிதிகள் கொண்ட கருவியைத்தான் ஆறு ஆண்டுகளாகத் தென்னைக்குப் பயன்படுத்துகிறேன். புதிதாகக் கற்பவருக்கும் அது நல்லது. கால் நழுவும் அச்சம் இல்லை. ஆனால் அது கொண்டைக்குக் கீழே வரைதான் கொண்டுபோய் நிறுத்தும். தென்னையில் அங்கே நின்றபடியே குலையை வெட்டிவிடலாம். பனையில் பாளை சீவக் கொண்டைக்குள்ளேயே போயாக வேண்டும் என்பதால், பெரியவர் சொன்ன கடைசி ஒரு முழம் அப்படியேதான் இருக்கும். மேலும் 28 மரங்களுக்கு நாளுக்கு இருமுறை கருவியை மாட்டிக் கழற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது.

பட்டை வேறு. தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு உடல் பட்டை வாங்குங்கள். இடுப்பு மட்டும் பிடிப்பது போதாது. இரண்டு கயிறுகள் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பச்சை மட்டைகள் இரண்டு மூன்றைச் சேர்த்துச் சுற்றி மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்ற வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். பட்டையில் தொங்க நேர்ந்தாலும் நெடுநேரம் அசையாமல் தொங்குவது உயிருக்கே ஆபத்து. அதற்காகவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

எங்கள் பக்கம் இரண்டு ஆபத்துகளைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிவப்புக் கூன்வண்டு குடைந்த தென்னை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கூடாகியிருக்கும், ஆள் ஏறியதும் முறிந்துவிடும். துளைகளிலிருந்து பழுப்பு நீர் வடிந்தால் அந்த மரத்தில் ஏறாதீர்கள். பனையையும் இவ்வண்டு விடுவதில்லை. மற்றது மின்கம்பி. ஈர ஓலை கம்பியில் பட்டாலே போதும்.

காப்பீட்டுக்கு, தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டம் இருக்கிறது. தாங்கள் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து நடக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

பதில்: வடமராட்சி

யாழ்ப்பாணப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சீவல் தொழில் என்போம். தாங்கள் கொண்டை என்பதை நாங்கள் வட்டு என்போம். இலங்கையின் மேற்குக் கரையில், களுத்துறைப் பக்கத்தில், தென்னையில் கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, கீழ்க் கயிற்றில் நடந்து மேல்கயிற்றைப் பிடித்தபடி அடுத்த மரத்துக்குப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஏறி இறங்கும் களைப்பு பெரிதும் குறைகிறது. ஆனால் மழையிலும் வெயிலிலும் கயிறு நைந்துவிடும்; அதைக் காலத்தில் மாற்றாமல் விட்டதால் விழுந்தவர்கள் உண்டு. பனைக்கூடலில் (பனந்தோப்பில்) இதை முயன்று பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டவும் நடக்கவும் பழகிய கைகள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன.

தேரிக்காட்டான்

அனைவருக்கும் நன்றி. நேற்று பகலில் அப்பாவுடன் மரம் மரமாகப் போய்ப் பார்த்தேன். 28-இல் பதினொன்றில் காய்ந்த மட்டை கழிக்கப்படாமல் இருக்கிறது. அந்தப் பதினொன்றுள் ஒன்றில் கதண்டு வந்து போகிறது. அப்பா முதலில் பேசவில்லை. பிறகு, தானும் இரண்டாண்டுகளாக அந்தப் பதினொன்றில் தயங்கித் தயங்கியே ஏறியதாகச் சொன்னார். பெரியவரிடம் ஒரு கேள்வி: தளைநாரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

அக்கானிக் குடுவை

நாள் கணக்கு இல்லை தம்பி. ஒவ்வொரு விடியலிலும் முடிச்சை இரண்டு கையாலும் இழுத்து முறுக்கிப் பாருங்கள். ஓர் இழை தெறித்தாலும் அன்றே புதியது திரியுங்கள். கதண்டு மரத்தை விட்டுவிட்டு, மற்ற பத்தையும் தந்தையும் தாங்களுமாகக் கழித்து முடித்தபின் எழுதுங்கள்.