இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என் தந்தை: எந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்வது?

கெடிலக்கரை மகன் (கேள்வி)

என் தந்தைக்கு வயது 67. கடலூர் முதுநகரில் அம்மாவுடன் இருக்கிறார். நான் வேலை நிமித்தமாகப் புதுச்சேரியில் குடியிருக்கிறேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அவர் ஒவ்வோர் இரவும் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்கிறார் என்பது எனக்குச் சென்ற மாதம்தான் தெரிய வந்தது. அதுவும் மழை பெய்த ஓர் இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து முழங்கையில் அடிபட்ட பிறகு, அம்மா மனம் பொறுக்காமல் தொலைபேசியில் சொன்னதால் தெரிந்தது.

அவரிடம் கேட்டால் வயதானால் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று பேச்சை மாற்றிவிடுகிறார். ஆனால் அம்மா சொல்வதைக் கேட்டால் அப்படி விட்டுவிட முடியவில்லை. போய் நின்றாலும் சிறுநீர் உடனே வருவதில்லையாம். தாரை மெலிந்து, விட்டுவிட்டு வருகிறதாம். வந்து படுத்த அரை மணி நேரத்தில் மறுபடியும் போக வேண்டும் என்கிறாராம். இதற்குப் பயந்து மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீரே குடிப்பதில்லை. கடலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அதற்கும் அஞ்சி என் மகளின் காதணி விழாவுக்குக்கூட அவர் வரவில்லை. அப்போது நான் அவர்மீது கோபித்துக்கொண்டேன். காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோபம் என்னையே வருத்துகிறது.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரையைப் பரிசோதித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நண்பர் ஒருவர் சொன்னபடி ஒரு மாதமாக இரவில் நெருஞ்சில் கஷாயம் குடித்து வருகிறார். தெருவில் உள்ள சிலர் இது புற்றுநோயாக இருக்கும் என்றும், வேறு சிலர் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஆண்மை போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் மருத்துவரிடம் வர மறுப்பதற்கு இந்தப் பேச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன். எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள், அறுவை சிகிச்சை கட்டாயமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

உப்பளம் செவிலியர்

சிறுநீரகவியல் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தந்தையைப் பரிசோதிக்காமல் இதுதான் நோய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் நீங்கள் விவரித்திருப்பவை புராஸ்டேட் சுரப்பி வீங்கியவர்களிடம் நான் அன்றாடம் கேட்ட அதே சொற்கள்.

சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருப்பது இந்தச் சுரப்பி. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். நாற்பதைத் தாண்டியபின் ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் மெல்ல மெல்லப் பெரிதாகி, நடுவே செல்லும் குழாயை நெருக்கத் தொடங்குகிறது. நெருக்கப்பட்ட வழியில் சிறுநீரைத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போவதால், கொஞ்சம் நிறைந்தாலே போக வேண்டும் என்ற உணர்வு வந்துவிடுகிறது. போனாலும் முழுவதும் காலியாவதில்லை. எண்பதைக் கடந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் இருக்கும் என்பதால், வயதின் மாற்றம் என்று உங்கள் தந்தை சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அதற்கு மருந்து உண்டு என்பது மற்றப் பாதி. இந்த வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே தனித்தனியாக வரக்கூடும் என்பதால்தான் பரிசோதித்துப் பார்க்கிறார்கள்.

பார்க்க வேண்டியவர் சிறுநீரகவியல் அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது யூராலஜிஸ்ட். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசின் நிறுவனம் என்பதால் கடலூர், விழுப்புரம் மாவட்டத்தினரும் அங்கே வருகிறார்கள். காலையில் சீக்கிரமே சென்று பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். மொத்தம் 35 மதிப்பெண்: ஏழு வரை லேசானது, எட்டு முதல் பத்தொன்பது வரை நடுத்தரம், இருபதும் அதற்கு மேலும் கடுமையானது. பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின், புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, சிறுநீர் கழித்தபின் உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் ஸ்கேன் ஆகியவை இருக்கும். மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுச் சுரப்பியின் தன்மையைப் பார்ப்பார். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தப் பரிசோதனையை நினைத்தே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள் என்பதால், இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பி.எஸ்.ஏ. அளவு சற்றுக் கூடியிருந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். சுரப்பி வீங்கினாலும், சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தாலும் அது கூடும்.

போகும்முன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். அளவு குறித்த பிளாஸ்டிக் குவளை ஒன்றை வைத்து, மூன்று நாள்கள் எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது என்று அம்மாவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போனால், புராஸ்டேட்டை மட்டும் பார்த்தால் போதாது. கால் வீக்கம், இதயம், சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சடைப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில நீரை வெளியேற்றுபவை. அவர் சாப்பிடுவது அந்த வகையா, எந்த வேளையில் சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு முதலியவை நீரைப் பெருக்கும் என்று கல்லடைப்புக்குக் கொடுக்கப்படுபவை. வழி குறுகியிருப்பவருக்கு இரவில் நீரைப் பெருக்கினால் எழும் தடவைதான் கூடும். தண்ணீரை அறவே குறைப்பதும் தவறு. நம் கடற்கரை வெயிலில் கிருமித்தொற்றுக்கும் கல்லுக்கும் அதுவே வழி செய்யும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளட்டும். மாலைத் தேநீரை விட்டுவிடட்டும்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்

தம்பி, எனக்கு வயது 72. உங்கள் தந்தையைப் போலவே நானும் மூன்று ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒருமுறை சளி பிடித்திருந்தபோது, மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பண்ருட்டியில் ஒரு திருமணத்துக்குச் சென்றேன். அன்று மதியத்திலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை. இரவு பத்து மணிக்கு அடிவயிறு கல்லாகி, வியர்த்துக் கொட்டி, மருத்துவமனையில் குழாய் செருகியபோது ஏறக்குறைய 900 மில்லி வெளியேறியது. அந்த வலியை என் எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன். சளி மாத்திரைகளில் உள்ள சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கியோ அதன் தசையைத் தளர்த்தியோ இப்படி அடைத்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். உங்கள் தந்தை சளிக்கு மருந்து வாங்கும்போது இதை அவசியம் சொல்லி வாங்கட்டும்.

எனக்கு மாத்திரை கொடுத்து மூன்று நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மீண்டும் அடைத்துக்கொண்டதால் அறுவை சிகிச்சை செய்தார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியின் அடைக்கும் பகுதியைச் சுரண்டி எடுக்கிறார்கள். சில நாள்கள் சிறுநீர் சிவந்து வந்தது. சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள்.

ஆண்மை பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதைச் சொல்லாமல் மறைப்பதால்தான் பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். என் எழுச்சித் திறன் போய்விடவில்லை. பெரும்பாலோருக்குப் போவதில்லை என்றே மருத்துவரும் சொன்னார். விந்து மட்டும் வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடுகிறது. அதனால் உடலுக்குக் கேடு இல்லை. இனிக் குழந்தை வேண்டும் என்பவர்தான் அதை முன்பே யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. முதலிலேயே போயிருந்தால் எனக்கும் மாத்திரையோடு முடிந்திருக்கலாம்.

வில்லியனூர் அம்மா

என் கணவருக்கு இதே தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்; பரிசோதித்தபோது சர்க்கரை 300-க்கு மேல் இருந்தது. அதனால் சர்க்கரையை முதலில் பாருங்கள். அவரும் வரமாட்டேன் என்றே இருந்தார். எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று அழைத்துச் சென்று இருவருமே இரத்தம் கொடுத்தோம். மருத்துவர் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது, முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த என்னிடம் சொல்லாதவற்றை எல்லாம் அவரிடம் சொன்னார். நீங்களும் உள்ளே அழைத்துச் சென்றுவிட்டுச் சற்று நேரம் வெளியே வந்துவிடுங்கள்.

கெடிலக்கரை மகன்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே தந்தைக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், மறுநாள் காலையில் தாமாகவே எப்போது போகலாம் என்று கேட்டார். வில்லியனூர் அம்மா சொன்னபடி, படிவத்தை நிரப்பும்போது நான் வெளியே நின்றேன். மதிப்பெண் 18 வந்திருக்கிறது. சுரப்பி 46 கிராம், கழித்தபின் தங்கும் சிறுநீர் 90 மில்லி, பி.எஸ்.ஏ. 2.1, சர்க்கரை சரியாக இருக்கிறது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்று சொல்லி, சிறுநீர் வழியின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரையை இரவில் சாப்பிட கொடுத்திருக்கிறார்கள். கஷாயத்தை நிறுத்திவிட்டோம். பத்து நாள்களில் இரவில் எழுவது இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது.

இன்னும் ஓர் ஐயம். அடுத்த மாதம் தவளக்குப்பம் கண் மருத்துவமனையில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்வதாக இருக்கிறோம். இந்த மாத்திரை சாப்பிடுவதால் அதற்குத் தடை ஏதும் உண்டா?

உப்பளம் செவிலியர்

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். தடை இல்லை, ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் முன்பே சொல்லியே ஆக வேண்டும். இம்மருந்து கண்ணின் பாவையைச் சுற்றியுள்ள கருவிழித் திரையின் தசையையும் தளர்த்துவதால், அறுவையின்போது அந்தத் திரை நிலைகொள்ளாமல் அலையக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற ஏற்பாடுகளோடு செய்வார். சில நாள்களுக்கு முன்பு நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தினாலும் அந்த விளைவு முழுதும் நீங்கிவிடுவதில்லை. மாத்திரை அட்டையையே கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இம்மாத்திரை சிலருக்கு எழுந்தவுடன் தலைசுற்றல் தரும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர் என்பதால், இரவில் படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். கொல்லைப்புறத்தில் விடிய விடிய எரியும்படி ஒரு விளக்குப் போடுங்கள். சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, குளிரோடு காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முற்றிலும் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.