ஏற்காட்டில் பார்த்த கடற்கரை

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் பகோடா பாயிண்டில் போய் நின்றாலும் எதிரே வெறும் வெள்ளைதான். அப்படி ஒரு நாள் தங்கியிருந்த எஸ்டேட் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, ஹாலில் மாட்டியிருந்த ஓவியப் பிரிண்டை நிதானமாகப் பார்த்தேன். பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1870-இல் வரைந்த த்ரூவில் கடற்கரை.

குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி, பின்னால் மேகம் ஓடும் வானம். விஷயம் அவ்வளவுதான். கிட்டே போனால் அதுவும் கலைந்துவிடுகிறது. வெள்ளைக் கவுன் என்று நினைத்தது அவசரமாக இழுத்த சில பட்டைகள். முகம் என்று பார்த்தால் நாலைந்து தீற்றல்.

காபி கொண்டுவந்த வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “பாதியில விட்டுட்டாங்க போலங்க, மூஞ்சியே எழுதலையே?”

“கொஞ்சம் பின்னால வந்து பாருங்கண்ணா.”

வாசற்படி வரை நகர்ந்து போய்த் திரும்பிப் பார்த்தார். “அட, காத்து அடிக்குதுங்க!”

காற்று நிஜமாகவே அடித்திருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு மனைவி கமீயோடு பிரான்சின் நார்மண்டிக் கரைக்குப் போன மோனே, கடற்கரையிலேயே வரைந்த படம் இது. இடப்பக்கம் வெள்ளை உடையில் இருப்பது கமீ என்கிறார்கள். அசல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் பெயின்டுக்குள் அந்தக் கடற்கரை மணல் துகள்கள் சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அண்ணன், “இன்னும் அந்த மண்ணு ஒட்டியிருக்குதுங்களா?” என்று மறுபடி கிட்டே போனார். பிரிண்டில் எங்கே தெரியப்போகிறது!

இப்படித் தீற்றல்களாலேயே அந்த நேரத்துக் காட்சியைப் பிடிக்கும் பாணிக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே, மோனேயும் நண்பர்களும் பாரிஸில் நடத்திய 1874 கண்காட்சியையொட்டி வந்ததுதான், அதுவும் கிண்டலாக. எனக்கு அந்த வரலாற்றைவிட, வலப்பக்கப் பெண்ணின் கறுப்பு உடைதான் பிடித்தது. அது இல்லையென்றால் அந்த வெயில் இவ்வளவு கூசாது.

இன்னொன்று. அசல் படம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரம், 46 அகலம்தான். மடியில் வைத்துப் பார்க்கும் அளவு. ஹாலில் இருந்ததோ பாதிச் சுவரை அடைத்திருந்தது. பெரிதாக்கினால் தீற்றல்களும் ஊதிவிடும், அதனால்தான் வாசற்படி வரை போக வேண்டியிருந்தது. வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் பிரிண்ட் கடையில் அளவைச் சொல்லியே கேளுங்கள், பளபளப்பில்லாத தாளில்.