புதுப்பிப்பு: மகளின் உயரம் 'குறைந்த' விவகாரம்

எட்டரை வயது மகளுக்குப் பள்ளியில் எடுத்த உயரம் முந்தைய அளவைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கிறதே, வளர்ச்சி நின்றுவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். நிற்கவில்லை. அளந்த விதத்தில்தான் கோளாறு.

மருத்துவரிடம் கூட்டிப் போனோம். செவிலியர் அளந்ததைப் பார்க்க வேண்டுமே! செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் முதுகும் பலகையில் படும்படி நிறுத்தினார். மோவாயைத் தூக்காமல் நேரே பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் முடி அமுங்கும் அளவுக்குத் தலைமேல் கட்டையை இறக்கினார். 128 செ.மீ., எடை 26 கிலோ. பகலெல்லாம் முதுகுத்தண்டு வட்டுகள் அமுங்குவதால் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையுமாம். பள்ளியில் அளந்தது மாலையில்!

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 15.9. 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்ற பெரியவர்களுக்கான கணக்கை வைத்து என் மாமியார் ஒரே கவலை. பிள்ளைகளுக்கு அது செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணையில் (5 முதல் 19 வயது வரை) வயதும் பாலினமும் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அதில் இவள் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறாள்.

ஒரு தடவை எடுத்த அளவைவிட, வளரும் வேகம்தான் முக்கியம் என்றார் மருத்துவர். இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்ந்தால் சரி, 4-க்குக் கீழே போனால் காட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து, காலையில், அதே கருவியில் மறுபடி அளக்கப்போகிறோம்.