டத்தாரான் மெர்டேக்கா: பெரியம்மா கும்பிட்ட கட்டடம்

செந்தூல்காரன்

நாகப்பட்டினத்திலிருந்து மாமியாரின் அக்கா வந்திருந்தார். கேஎல் (கோலாலம்பூர்) சுற்றிக் காட்டக் காரில் ஏற்றினேன். இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டத்தாரான் மெர்டேக்கா, அதான் சுதந்திரச் சதுக்கம், வந்ததும் "நிறுத்துப்பா" என்றார். எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். செங்கல்லும் வெள்ளையும் பட்டை பட்டையாக, மேலே செம்புக் குவிமாடம், நடுவில் மணிக்கூண்டு. இறங்கினவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு "நாகூர் ஆண்டவரே" என்று கண்ணை மூடிவிட்டார். பிறகு சுருக்குப்பையிலிருந்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை எடுத்து, "உண்டியல் எங்கேப்பா?"

அது வெள்ளைக்காரன் கட்டின கவர்மென்ட் ஆபீஸ், அப்புறம் ரொம்ப நாள் கோர்ட்டு. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பூட்டிட்டாங்க பெரியம்மா, நான் அப்புறம் போட்டுடறேன்." நோட்டு இன்னும் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணில் படுகிறது.

பிரிக்பீல்ட்ஸ்வாசி

கோர்ட்டைக் கும்பிட்டதில் என்ன தப்பு, கேஸ் இருந்தவன் எல்லாம் கும்பிட்டுத்தானே உள்ளே போயிருப்பான்.

அதே சதுக்கத்துப் பாடாங் (புல்வெளித் திடல்) ஓரத்தில் நிஜக் கோயில் ஒன்று இருக்கிறதே, செயின்ட் மேரீஸ் சர்ச், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1894-ல் அடிக்கல் போட்டது. நான் உள்ளே போனது ஒரே முறை, நண்பன் கல்யாணத்துக்கு. வேளாங்கண்ணிப் பழக்கம், வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டேன். உள்ளே பார்த்தால் எல்லார் காலிலும் ஷூ! பெஞ்சுக்கடியில் காலை இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது பைப் ஆர்கன் ஆரம்பித்தது. 1895-ல் வந்ததாம், இங்கிலாந்து ஹென்றி வில்லிஸ் செய்தது. அடிச் சுரம் இறங்கும்போது காதுக்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்தது. தரை முழுக்க ரீங்காரம். ஷூ போட்டவர்களுக்கு அது கிடைத்திருக்காது என்று இப்போதும் நினைப்பேன். வெளியே வந்ததும் மணப்பெண்ணின் அத்தை, "தம்பி, செருப்பு அறுந்துடுச்சா?"

கல்வெட்டுப்பித்தன்

@செந்தூல்காரன், "வெள்ளைக்காரன் கட்டினான்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள் அண்ணே. முதலில் போட்ட வரைபடம் ஐரோப்பிய பாணிதான். அரசாங்க எஞ்சினியர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஊருக்கு முகமதியப் பாணிதான் எடுக்கும் என்று மாற்றச் சொன்னார். 1897-ல் வேலை முடிந்தது. பெரியம்மா ஏமாந்தார் என்றால் ஸ்பூனர் ஜெயித்தார் என்று அர்த்தம்.

இன்னொன்று. அந்தக் கட்டடத்தில் கை வைத்த கட்டடக் கலைஞர் நார்மன்தான் பிரிக்பீல்ட்ஸ்வாசி சொன்ன மேரீஸ் கோயிலையும் வரைந்தவர். ஒரே ஆள், இங்கே கோதிக் கூர்வளைவு, அங்கே குதிரைலாட வளைவு. பாடாங்கின் அடுத்த ஓரத்தில் செலாங்கூர் கிளப், அது கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக இங்கிலாந்துக் கிராமத்து வீடு மாதிரி. நார்மன் பெயரை யாருக்குத் தெரியும்? இன்னொரு கட்டடக் கலைஞர் ஹப்பாக் என்றால் மட்டும் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்த ஹப்பாக் வரைந்த மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல், 1909-ல் திறந்தது, கோர்ட்டுக்குப் பின்னால் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். பெரியம்மா ஒரு கட்டடம்தான் தள்ளிக் கும்பிட்டிருக்கிறார். உங்களுக்கு ஐந்து நிமிட நடை.

என் கதையா? பதினாலு வயதில் அந்த வளைவுகளுக்கடியில் மழைக்கு ஒதுங்கினேன், ஜாகா (காவலாளி) விரட்டினார். அவ்வளவுதான்.

பினாங்கு மருமகள்

கேஎல் கதைக்கு நடுவே வருகிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் பினாங்கு செயின்ட் ஜார்ஜஸ் சர்ச் 1818-ல் கட்டியது, கிரேக்கக் கோயில் மாதிரி முன்னால் வெள்ளைத் தூண்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளை வேலை வாங்கிக் கட்டினார்கள். அதை மாமாவிடம் சொன்னேன், என் மாமனாரிடம். அவர் தூணில் உள்ளங்கையை வைத்து, எடுக்கவே இல்லை. டூரிஸ்ட்டுகள் போட்டோவுக்கு விலகச் சொன்னார்கள். "இருங்க" என்று தமிழில் சொன்னார்.

செந்தூல் அண்ணே, பெரியம்மாவை இங்கே கூட்டி வாங்க. காலை எட்டுக்கே நடக்க ஆரம்பிச்சிடுங்க, பதினொண்ணுக்கு மேல வெயில் கொல்லும். குடை ஆளுக்கு ஒண்ணு. செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் ரோடு பிடிச்சா அடுத்தது குவான் யின் சீனக் கோயில். அங்கே ஊதுபத்திப் புகை ஜாஸ்தி, பெரியம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தா வெளியவே நிக்கட்டும். அப்புறம் குயின் ஸ்திரீட் மாரியம்மன், 1833-ல் கட்டியது. பூஜை நேரம் கேட்டுட்டுப் போங்க. அடுத்தது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தலைக்குத் துணி வேணும், முந்தானை போதும்னு நினைக்காதீங்க. நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) பசி எடுத்த பிறகு தேடாதீங்க, வரிசை நீளும். தண்ணி பாட்டில் வீட்டிலிருந்தே. முழங்கால் வலின்னா பேச்சா (சைக்கிள் ரிக்‌ஷா) எடுங்க, ஏறும் முன்னாடியே விலை பேசுங்க. முக்கியமானதை மறந்துட்டேனே, சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் பேரிலேயே தர்கா இருக்கு.

செந்தூல்காரன்

நாகூர் தர்கா பினாங்கில் இருக்கிறதா! முந்தாநாள் பெரியம்மா போனில் "போட்டியாப்பா?" என்று கேட்டார். போட்டுட்டேன் என்றேன். பொய்.

@கல்வெட்டுப்பித்தன், ஸ்பூனர் ஜெயிக்கட்டும், உண்டியல் வைக்காமல் விட்டுவிட்டாரே. நோட்டு ஜாமெக்குக்குப் போகாது, சூலியா ஸ்திரீட்டுக்குத்தான். சனிக்கிழமை கிளம்புகிறேன்.

மருமகளே, குடை, தண்ணி, பேச்சா எல்லாம் சொன்னீங்க. கார் எங்கே போடுறது?