காயலான் கடையில் எடுத்த குட்டி மில்லிங் மெஷின்: ஸ்பிண்டில் தேய்ந்துவிட்டதா?

கொருக்குப்பேட்டை பையன்:
வியாசர்பாடியில் ஒரு காயலான் கடையில் இரும்பு விலைக்கு இதை எடுத்தேன். பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம். ஹரிஸாண்டல் டைப், டேபிளை நகர்த்த சக்கரம் கிடையாது, நீளமாக ஒரு லீவர்தான். என்னிடம் இருக்கிற மோர்ஸ் 3 (கூம்பு அளவு) டிரில் சக்கை, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் விட்டால் சரக்கென்று போகிறது, ஆனால் லொடலொடவென்று ஆடுகிறது. தெருமுனை கடைசல் பட்டறையில் "தேஞ்சிபோச்சு, போரிங் போட்டு, ஓட்டையைப் பெரிசாக்கி மோர்ஸ் 4 ஆக்கிடலாம்" என்கிறார்கள். கூடவே ஒரு மரப்பெட்டி வந்தது. அதில் ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டத் தகடு, கைப்பிடி வைத்த ஒரு குட்டி ஹெட், கிரீஸ் காய்ந்துபோன ஒரு தண்டு. நாளைக்கே போரிங் கொடுத்துவிடலாமா?

பழைய டர்னர்:
தம்பி, கொடுக்காதே! முதலில் அந்தத் தண்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடை. அதுதான் கட்டர் மாட்டுகிற ஆர்பராக இருக்கும். கூம்புப் பக்கத்தில் 50.8 மில்லி இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் அள. வித்தியாசம் 2.55 வந்தால் மோர்ஸ் 3. 2.1 சொச்சம் வந்தால் பிரௌன் அண்ட் ஷார்ப் என்கிற இன்னொரு கூம்பு வகை, அதாவது அடிக்கு அரை இன்ச் சரிவு. சின்ன முனையையும் கட்டர் உட்காரும் இடத்தையும் பார். டேபிளை ஏற்றுகிற டயல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்றும் சொல்லு.

மிண்ட் மெக்கானிக்:
லீவர் என்றால் ஹேண்ட் மில்லர்தான் பாஸ். ஒரே மாதிரி ஸ்லாட்டை நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் வெட்டுவதற்கான மெஷின். பெட்டியில் இருக்கிற ஹெட், வேலையைச் சம பாகமாகத் திருப்பி நிறுத்துகிற டிவைடிங் ஹெட். வட்டத் தகட்டில் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை பையன்:
அண்ணே, அளந்துவிட்டேன். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் 2.12, சின்ன முனை 22.9. கட்டர் உட்காரும் இடம் 22.2. டயலில் 100 கோடு, ஒரு சுற்றுக்கு 2.54 மில்லி ஏறுகிறது. தகட்டில் 15, 16, 17, 18, 19, 20 என்று ஆறு வட்டம்.

பழைய டர்னர்:
அப்போ முடிஞ்சுது. பிரௌன் அண்ட் ஷார்ப் 9-க்குச் சின்ன முனை 0.9 இன்ச், அதாவது 22.86. கட்டர் ஓட்டை ஏழு நூல், அதாவது 7/8 இன்ச். டயலும் இன்ச், ஒரு கோட்டுக்கு ஒரு தௌ, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்க பர்க் நம்பர் 4 குட்டி மில்லரிலும் இதே 9-ஆம் நம்பர்தான், அதன் படத்தோடு ஒப்பிட்டுப் பார். ஸ்பிண்டில் தேயவில்லை, உன் சக்கின் கூம்புதான் அதற்குச் சின்னது. நல்ல ஸ்பிண்டிலில் போரிங் போட இருந்தார்கள் பார், வயிறு எரிகிறது.

மிண்ட் மெக்கானிக்:
தகடும் பிரௌன் அண்ட் ஷார்ப் வரிசைதான். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஹெட் ஒரு முழுச் சுற்று வருகிறதா பாருங்கள். வந்தால், ஆறு பக்கம் வெட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு சுற்று, அப்புறம் 18 ஓட்டை வட்டத்தில் 12 ஓட்டை தள்ள வேண்டும்.

கொருக்குப்பேட்டை பையன்:
40 சரியாக வருகிறது! ஆர்பரைத் துடைத்து மாட்டினேன், ஒரு பொட்டு ஆட்டம் இல்லை. ஆனால் இப்போது கழட்ட வரமாட்டேன் என்கிறது.

பழைய டர்னர்:
பின்னால் ஆர்பரை இழுத்துப் பிடிக்கிற இழுகம்பியை இரண்டு புரி தளர்த்து, முழுசாகக் கழட்டாதே. அதன் தலையில் பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு. கையை ஆர்பருக்குக் கீழே வைத்துக்கொள், விழுந்தால் டேபிள் போய்விடும்.