12 இதழில் முடியும் சூப்பர் ஹீரோ தொடருக்குத் தமிழில் விமர்சனம் எழுதுவது எப்படி?

ரோஸ்ஹில்_வாசகன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். இங்கே மொரீசியஸில் தமிழ் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான நான்கு பக்கத் தாளுக்கு, மார்வெலின் 'விஷன்' குறுந்தொடரைப் பற்றி 900 சொல்லில் ஒரு விமர்சனம் தேவைப்படுகிறது. 2015-16இல் 12 இதழாக வந்து முடிந்த தொடர். எழுத்து டாம் கிங், ஓவியம் கேப்ரியல் எர்னாண்டஸ் வால்தா. கையில் இருப்பது பிரெஞ்சுத் தொகுப்பு.

எழுத உட்கார்ந்தால் 600 சொல் கதைச்சுருக்கத்துக்கே போய்விடுகிறது. விஷன் 1968இல் 'அவெஞ்சர்ஸ்' 57ஆம் இதழில் அறிமுகமான பாத்திரம். இந்தத் தொடருக்கு முந்தைய 47 வருடக் கதையில் எவ்வளவு சொன்னால் போதும்? முடிவை எதுவரை மறைக்க வேண்டும்? ஓவியத்தைப் பற்றி 'அருமை', 'கண்ணைக் கவர்கிறது' என்பதற்கு மேல் என்ன எழுதுவது? பேனல், ஸ்ப்ளாஷ் பேஜ் போன்றவற்றுக்குத் தமிழில் என்ன சொல் போடுகிறீர்கள்?

மோக்கா_மலையடி:

தம்பி, தனித்து நிற்கும் குறுந்தொடர் வாசகருக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறது. சொன்ன இதழ் எண்ணிக்கைக்குள் முடிந்துவிடும், வேறு எதையும் படிக்காதவருக்கும் புரியும். அந்த இரண்டும் காப்பாற்றப்பட்டனவா என்பதைத்தான் விமர்சனம் முதலில் பார்க்க வேண்டும். மாதாமாதம் ஓடும் தொடரில் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த வருடம் கிடையாது. அவிழாத முடிச்சு கைமறதியா, வேண்டுமென்றே விட்டதா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

மூன்று முறை படியுங்கள். முதல் முறை பேனா வேண்டாம். இதழுக்கு ஏறக்குறைய 20 பக்கம், மொத்தம் 240 பக்கம்தான். ஒரே அமர்வில் முடியும். இரண்டாம் முறை ஒரு தாளில் இதழுக்கு ஒரு வரி எழுதுங்கள்: கதை யார் பக்கம் நின்று நகர்கிறது, தொடக்கத்தில் இருந்த நிலை முடிவில் என்னவாக மாறியது, கடைசிப் பக்கம் எதில் நின்றது. 'என்ன மாறியது' என்ற இடம் ஏதாவது ஓர் இதழுக்குக் காலியாக இருந்தால் தொய்வு அங்கேதான் இருக்கிறது. 12 இதழ்த் தொடர்களில் 7, 8, 9ஆம் இதழ்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஆறாம் இதழோடு முதல் தொகுப்பு முடியும் என்பதால் பெரிய திருப்பத்தை அங்கே வைத்துவிட்டு ஏழில் மூச்சு வாங்குவது வழக்கம். மூன்றாம் முறை வசன பலூன்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பாருங்கள். கதை புரிகிறதா, எந்தப் பேனலில் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னணிக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு தகவலை நீக்கினால் முதல் இதழ் புரியாமல் போகுமா? போகாது என்றால் அந்தத் தகவல் வேண்டாம். விஷன், அல்ட்ரான் என்ற வில்லன் ரோபோ உருவாக்கிய செயற்கை மனிதன், பிறகு அவெஞ்சர்ஸ் பக்கம் வந்தவன், ஸ்கார்லெட் விட்சை மணந்து பிரிந்தவன். இந்த மூன்று வரி போதும். அந்த மணவாழ்க்கையைக் கதையே 7ஆம் இதழில் சொல்லிவிடுகிறது.

எல்லாத் தொடரும் ஒரே அளவில் தனித்து நிற்பதில்லை, அதையும் எழுதுங்கள். எழுத்தாளர் பியூசிக், ஓவியர் இம்மோனென் கூட்டணியின் 'சூப்பர்மேன்: சீக்ரெட் ஐடென்டிட்டி' (2004, 4 இதழ்) நடக்கும் உலகில் சூப்பர்மேன் வெறும் காமிக்ஸ் பாத்திரம்தான், முன்பின் எதுவும் தெரிய வேண்டாம். அதே பியூசிக் ஓவியர் அலெக்ஸ் ராஸோடு செய்த 'மார்வெல்ஸ்' (1994, 4 இதழ்) புதியவருக்கும் புரியும். ஆனால் பழைய வாசகருக்கு ஒவ்வொரு பக்கமும் முன்பு படித்த ஒரு சம்பவத்தைத் தெருவில் நின்ற புகைப்படக்காரரின் கண்ணால் மறுபடி காட்டும். 'விஷன்' இந்த இரண்டுக்கும் நடுவே வரும்.

900 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: பின்னணிக்கு 80, கதைக்கு 150, கட்டமைப்புக்கு 250, ஓவியம் வண்ணத்துக்கு 250, மொழிபெயர்ப்புக்கும் யாருக்கு இது ஏற்றது என்பதற்கும் 170. கதையை முதல் கால் பகுதியைத் தாண்டிச் சொல்லாதீர்கள். 12 இதழ் என்றால் 3ஆம் இதழ் வரை, 4 இதழ் என்றால் முதல் இதழ் மட்டும். இந்தத் தொடரின் கதைசொல்லி, பின்னால் வரப்போகும் சாவை முதல் இதழிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவதையும் கவனியுங்கள். 'என்ன நடக்கும்' என்பதைவிட 'எப்படி அங்கே போய்ச் சேரும்' என்பதில்தான் இதன் பதற்றம் இருக்கிறது. அதைச் சொன்னால் எந்த ரகசியமும் உடையாது, விமர்சனத்துக்கு ஒரு நல்ல பத்தியும் கிடைக்கும்.

செயின்ட்டெனி_நூலகம்:

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன், தம்பி. பிரெஞ்சுத் தொகுப்பை வைத்து எழுதும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் பக்கத் திருப்பம். அதிர்ச்சிப் படத்தை இடப் பக்கத்தில் வைத்தால்தான் தாளைப் புரட்டும்போது திடீரென்று தெரியும். மாத இதழில் விளம்பரங்களையும் கணக்கில் எடுத்துப் பக்கங்களை அடுக்கியிருப்பார்கள். தொகுப்பில் விளம்பரம் போய்விடுவதால் சில சமயம் அந்தப் படம் வலப் பக்கத்துக்கு நகர்ந்து, முன்பே கண்ணில் பட்டுவிடும். 'திருப்பம் எடுபடவில்லை' என்று ஓவியரைக் குறை சொல்லுமுன் அத்தியாயம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். மேற்கோள் காட்டும்போதும் தொகுப்பின் பக்க எண்ணைக் கொடுக்காதீர்கள். பல தொகுப்புகளில் எண்ணே அச்சாகியிருக்காது. '4ஆம் இதழ், 11ஆம் பக்கம்' என்று கொடுத்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடிப்பார்.

அடுத்தது பெயர்கள். ஸ்கார்லெட் விட்ச் பிரெஞ்சில் 'சொர்சியேர் ரூழ்'. சில்வர் சர்ஃபர் 'சர்ஃபர் தார்ழான்'. பழைய பிரெஞ்சுப் பதிப்புகளில் வால்வரினுக்கு 'செர்வால்' என்று பெயர். நம் மாணவர்கள் படத்தை ஆங்கிலத்திலும் புத்தகத்தைப் பிரெஞ்சிலும் பார்ப்பவர்கள். ஒரு பெயரைத் தேர்ந்து, முதல் முறை மட்டும் இன்னொன்றையும் சொல்லிவிட்டு, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

பிரெஞ்சு வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளும், பலூன் நீளாது. அதனால் எழுத்து சிறுத்து நெருக்கமாகத் தெரிந்தால் அதை மூலத்தின் குறையாக எழுதக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பெயரையும் கட்டாயம் போடுங்கள், அதனால் தொனியே மாறும். 'வாட்ச்மென்' பிரெஞ்சில் முதலில் குற்றப் புதின எழுத்தாளர் ஜான்-பத்ரிக் மான்ஷெத்தின் மொழிபெயர்ப்பில் வந்தது. இடையில் பனினி பதிப்பகம் வேறொரு மொழிபெயர்ப்பை வெளியிட்டது, 2012இல் அர்பன் காமிக்ஸ் பதிப்பகம் மான்ஷெத்தின் மொழிபெயர்ப்புக்கே திரும்பியது. இந்த இரண்டில் எதைப் படித்தோம் என்று சொல்லாமல் வசன நடையைப் பற்றிப் பேச முடியாது.

அதே தொடரில் ரோர்ஷாக் என்ற முகமூடிப் பாத்திரத்தின் வெட்டுப்பட்ட பேச்சைத் தமிழில் காட்டுவது தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் அவன் 'நான்' என்ற சொல்லை விழுங்குவதே விசித்திரமாக ஒலிக்கும். தமிழில் 'நான்' இல்லாமல் பேசுவது எல்லோருடைய வழக்கமும்தான். வினைமுற்றை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லோடு வாக்கியத்தை நிறுத்தினால் அந்த முறிவு கிடைக்கும்.

பழைய புத்தகக் கடைகளில் மார்வெல் கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்ட லுக் நிறுவனத்தின் 'ஸ்திரான்ழ்' இதழ்கள் கிடைத்தால் ஆசையாக வாங்குங்கள், ஆனால் அவற்றை வைத்து ஓவியத்தை மதிப்பிடாதீர்கள். சிறுவர் வெளியீடுகள் பற்றிய பிரான்சின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அஞ்சி ஒலிச்சொற்களையும் வன்முறைக் கோடுகளையும் அழித்துத் திருத்தி வெளியிட்டவை அவை.

டர்பன்_பழையஇதழ்:

ஓவியம் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டங்களை (பேனல்களை) எண்ணுங்கள், அதிலிருந்தே 250 சொல் வந்துவிடும்.

'வாட்ச்மென்' (1986-87, 12 இதழ்) பக்கத்துக்கு 9 கட்டம் என்ற சட்டத்தில் நிற்கிறது. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால் நேரம் கடிகாரம்போல் சீராக ஓடும். எங்காவது இரண்டு மூன்று கட்டத்தை ஒன்றாக்கினால் அந்தக் கணம் தானாகவே கனக்கும். அதன் 5ஆம் இதழில் முதல் பக்க அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்புகிறது, இதழ் முழுதும் அப்படியே. 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' (1986, 4 இதழ்) 16 கட்டம் வரை பொடிப்பொடியாக நறுக்கி, அதில் தொலைக்காட்சித் திரைகளை நிரப்பிவிட்டு, திடீரென்று முழுப்பக்கத்தைத் திறந்துவிடும். 'மிஸ்டர் மிராக்கிள்' (2017-18, 12 இதழ்) அதே 9 கட்டத்தைச் சிறைக்கம்பிபோல் பயன்படுத்துகிறது. தப்பிப்பதையே தொழிலாகக் கொண்டவனின் கதை அது.

எதை எதனால் செய்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். 'கிங்டம் கம்' (1996, 4 இதழ்) கவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டது. அங்கே மைக்கோட்டைப் புகழ முடியாது, ஒளி விழும் விதத்தைத்தான் பேச முடியும். 'ஆல்-ஸ்டார் சூப்பர்மே'னில் ஃபிராங்க் க்வைட்லியின் பென்சில் கோட்டுக்குக் கணினியில் மையும் வண்ணமும் கொடுத்தவர் ஜேமி கிராண்ட். அதன் முதல் பக்கம் 4 கட்டம், 8 சொல். சூப்பர்மேன் பிறந்த கதை அதோடு முடிந்துவிடுகிறது. முன்கதைச் சுருக்கம் எழுத முயலும் எவருக்கும் அந்தப் பக்கத்தைப் பரிந்துரைப்பேன்.

'விஷ'னில் வண்ணம் ஜோர்டி பெலேர். புறநகர் வீடுகளுக்கு அடங்கிய, மங்கிய நிறங்கள். அதன் நடுவே சிவந்த தோலும் பச்சை முடியுமாக ஒரு குடும்பம். எவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்தாலும் அவர்கள் அந்தச் சுவரோடு ஒட்டுவதில்லை. 'வண்ணம் அருமை' என்பதற்குப் பதில் இதை எழுதுங்கள்.

சொற்கள்: பேனலுக்குக் கட்டம், ஸ்ப்ளாஷுக்கு முழுப்பக்கப் படம், ஸ்ப்ரெட்டுக்கு இரட்டைப்பக்கப் படம், கேப்ஷனுக்கு விவரிப்புப் பெட்டி. பலூன், லெட்டரிங் (வசனங்களை எழுதி அமைப்பது) இரண்டையும் அப்படியே விடுவேன். தமிழ்நாட்டுக் காமிக்ஸ் வாசகர்களுக்கும் அவை பழகியவைதான்.

ரோஸ்ஹில்_வாசகன்:

மூவருக்கும் நன்றி. கதைப் பத்தி இப்படி வந்திருக்கிறது: "'விஷன்' ஒரு சிறந்த படைப்பு. வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் விஷன் தன் மனைவி வர்ஜினியா, பிள்ளைகள் விவ், வின் ஆகியோருடன் குடியேறுகிறான். பிறகு கிரிம் ரீப்பர் தாக்குகிறான். பிறகு வர்ஜினியா அவனைக் கொல்கிறாள். பிறகு உடலைப் புதைக்கிறாள். வால்தாவின் ஓவியங்கள் 12 இதழிலும் அருமை."

மோக்கா_மலையடி:

தம்பி, மூன்று 'பிறகு' இருக்கிறது, ஒரு 'அதனால்' கூட இல்லை. நிகழ்ச்சிகளை நூலில் கோக்காமல் கொட்டிவைத்ததுபோல் தெரிவது அதனால்தான். முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். தீர்ப்பு ஆதாரத்துக்குப் பின் வரட்டும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

"எல்லோரையும்போல் வாழ ஆசைப்பட்டு விஷன் தனக்கென்று ஒரு குடும்பத்தையே உருவாக்கி, ஆர்லிங்டனில் குடியேறுகிறான். முதல் இதழ் முடிவதற்குள் வீட்டுக்குள் புகுந்து தாக்கும் கிரிம் ரீப்பரை, பிள்ளைகளைக் காக்க வர்ஜினியா கொல்கிறாள். கொன்றதைக் கணவனிடம் மறைக்கிறாள். மீதி 11 இதழும் அந்த ஒரு பொய்யிலிருந்து முளைக்கின்றன."

உங்கள் பத்தியின் கடைசி வரியில் ஒரு பிழையும் உண்டு. 12 இதழும் வால்தா வரையவில்லை. 7ஆம் இதழ் மைக்கேல் வால்ஷ் வரைந்தது. அது கடந்தகாலக் கதை என்பதால் கை மாறியது கதைக்குப் பொருந்துகிறதா, பார்ப்பவர் கண்ணை உறுத்துகிறதா என்று எழுதினால் அந்த ஒரு வரியே நல்ல விமர்சனமாகும். அட்டைகள் மைக் டெல் முண்டோ. உள்ளே இருக்கும் ஓவியத்தைப் புகழ அட்டைப்படத்தை அச்சிட்டுவிடாதீர்கள். லெட்டரிங் கிளேட்டன் கவுல்ஸ்.

ஆங்கிலத்தில் இது 6, 6 இதழாக இரண்டு தொகுப்பாக வந்தது. முதல் தொகுப்பின் தலைப்பு 'மனிதனைவிடச் சற்றுத் தாழ்ந்தவன்' என்ற பொருள்படும், இரண்டாவது 'மிருகத்தைவிடச் சற்று மேல்' என்று. இரண்டும் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியா பேசும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள். கட்டமைப்புக்கு ஒதுக்கிய 250 சொல்லில் அந்தத் தலைப்புகளிலிருந்து தொடங்குங்கள். இடம் போதாவிட்டால் கதைச்சுருக்கத்தில் வெட்டுங்கள், வண்ணம் தீட்டியவர் பெயரை வெட்ட வேண்டாம்.