வர்க்கமூலச் சமன்பாட்டில் இரண்டு விடை வருகிறது, எதை வெட்டுவது? அவசரம்

கொட்டாஞ்சேனை_பெடியன் (இரவு 7.52)
யாராவது கெதியாகச் சொல்லுங்கோ. வர்க்கமூலம் வரும் கணக்கு. இரண்டு பக்கத்தையும் வர்க்கித்து, காரணிப்படுத்தி எல்லாம் செய்தாச்சு. இரண்டு விடை வருகிறது. விடைத்தாளில் ஒன்றுதான் இருக்கிறது. செய்கையில் பிழை இல்லை, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். இரண்டில் எதை எடுப்பது என்று எப்படித் தெரியும்? நாளை காலை ரியூஷனில் பேப்பர்.

நித்திலா (7.58)
கணக்கு எங்கே தம்பி?

எட்டாம்_வாய்ப்பாடு (8.01)
கணக்கே தேவையில்லை. மறை விடையை வெட்டு. வர்க்கமூலம் என்றால் மறை எண் வராது, நாங்கள் படித்த காலத்திலேயே இதுதான்.

கொட்டாஞ்சேனை_பெடியன் (8.03)
அண்ணா இரண்டும் நேர் எண். 9, 2.

எட்டாம்_வாய்ப்பாடு (8.04)
அப்ப பெரியதை எடு.

நித்திலா (8.06)
பெரியதை எடு என்பது எந்த ஊர் விதி? தம்பி, சமன்பாட்டை முழுதாகப் போடுங்கோ. எந்த வகுப்பு என்றும் சொல்லுங்கோ. உள்ளூர்ப் பாடத்திட்டமா, லண்டனா?

கொட்டாஞ்சேனை_பெடியன் (8.11)
√ய + 7 = ய − 5
போனில் தமிழ்க் கீபோர்ட், அதனால் ய என்று போட்டிருக்கிறேன்.

பழைய_மாஸ்டர் (8.19)
இதற்கு ஓர் இழை, அதற்கு இத்தனை பதில். மூலத்தைத் தனியே நிறுத்தும்: √ய = ய − 12. வர்க்கித்தால் ய = ய² − 24ய + 144, அதாவது ய² − 25ய + 144 = 0. காரணிகள் (ய − 16)(ய − 9). 9 ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 4. பொருந்தாது. 16 ஐப் பிரதியிட்டால் இரு பக்கமும் 11. ஆகவே விடை 16, நீர் சொல்லும் 9 வெட்டப்பட வேண்டியது. உமக்கு 2 எங்கிருந்து வந்தது என்பது உமக்கே வெளிச்சம். தரம் 10 காரணிப்படுத்தலை ஒருமுறை புரட்டிப் பாரும்.

கொட்டாஞ்சேனை_பெடியன் (8.22)
சேர், விடைத்தாளில் 9. 16 என்று எங்கேயுமே இல்லை.

பழைய_மாஸ்டர் (8.24)
விடைத்தாள் பிழை. ரோனியோ அடிக்கும் ரியூஷன் நோட்டில் இதெல்லாம் புதிதில்லை.

மழைக்கோட்டு (8.31)
ஒரு நிமிஷம். 7 மூலத்துக்கு உள்ளேயா, வெளியேயா? √(ய + 7) என்றால் தம்பி சொன்ன 9, 2 அப்படியே வருகிறது. வெளியே என்றால் மாஸ்டரின் 16, 9. இரண்டு கணக்கிலும் 9 எட்டிப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்: ஒன்றில் 9 சரியான விடை, மற்றதில் கழிவு.

கொட்டாஞ்சேனை_பெடியன் (8.33)
ஓம் உள்ளே. கொப்பியில் மேலே கோடு நீளமாக இருக்கு. போனில் கோடு வரவில்லை.

பழைய_மாஸ்டர் (8.35)
அடைப்பு இல்லாமல் எழுதிய கணக்குக்கு விடை 16 தான். அந்த மேற்கோட்டை 1637 இல் டெக்கார்ட் √ குறியோடு சேர்த்து வரைந்தது அழகுக்காக இல்லை, மூலம் எதுவரை போகிறது என்று காட்டத்தான். கோடு வராத இடத்தில் அடைப்பு போட வேண்டும் என்பது சொல்லித்தர வேண்டிய விஷயமா?

நித்திலா (8.47)
சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

√(ய + 7) = ய − 5
வர்க்கித்தால்: ய + 7 = ய² − 10ய + 25
ய² − 11ய + 18 = 0
(ய − 9)(ய − 2) = 0

9: இடது √16 = 4, வலது 9 − 5 = 4. பொருந்துகிறது.
2: இடது √9 = 3, வலது 2 − 5 = −3. பொருந்தவில்லை.

செய்கையில் பிழை இல்லை என்று நீங்கள் சொன்னது உண்மைதான் தம்பி. 2 வந்தது வர்க்கித்ததால். 3 உம் சய 3 உம் சமனில்லை, ஆனால் இரண்டையும் வர்க்கித்தால் 9 உம் 9 உம், சமன் ஆகிவிடுகிறது. −√(ய + 7) = ய − 5 என்ற வேறொரு கணக்கை எழுதி வர்க்கித்துப் பாருங்கோ, இதே இருபடிச் சமன்பாடுதான் வரும். 2 அந்தக் கணக்கின் விடை. நீங்கள் வர்க்கித்த நேரம் அதுவும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

எதை வெட்டுவது என்பதற்குப் பெரியது சிறியது, நேர் மறை எதுவும் விதியில்லை. முதல் வரியிலேயே, வர்க்கிக்க முன்னமே, இப்படி யோசியுங்கோ: இடது பக்கம் √, அது ஒருபோதும் மறையாகாது. அப்ப வலது பக்கமும் மறையாக முடியாது. ய − 5 ≥ 0, ஆகவே ய ≥ 5. இதைக் கரையில் எழுதி வையுங்கோ. கடைசியில் 2 வரும்போது தானாக விழுந்துவிடும். மூலத்துக்குள்ளே ய + 7 மறையாகுமோ என்று தனியாகப் பார்க்கத் தேவையில்லை. அது (ய − 5)² க்குச் சமன் என்று ஆன பிறகு எப்படி மறையாகும்?

கிராண்ட்பாஸ்_எஞ்சினியர் (8.55)
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 9 இன் வர்க்கமூலம் 3 உம் −3 உம். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அப்ப √9 = −3 என்று எடுத்தால் 2 உம் சரியான விடை. விடைத்தாள் பாதி விடையைத்தான் தந்திருக்கிறது.

நித்திலா (8.59)
ய² = 9 என்றால் விடை இரண்டு, அதில் சண்டை இல்லை. ஆனால் √9 என்று குறி போட்டு எழுதினால் அது 3 மட்டும்.

கிராண்ட்பாஸ்_எஞ்சினியர் (9.02)
யார் அப்படிச் சொன்னது?

பழைய_மாஸ்டர் (9.08)
இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பாரும். மூலக்குறிக்கு முன்னால் ± என்று போட்டிருக்கிறது. √ என்ற குறியே இரண்டையும் தருமென்றால் அந்த ± எதற்கு? குறி ஒன்றைத்தான் தரும், மற்றதை நாம் போட வேண்டும் என்பதால்தான் அது அங்கே நிற்கிறது. √ குறி அச்சில் வந்தது 1525 இல், கிறிஸ்தோப் ருடோல்ப் எழுதிய ஜெர்மன் அட்சரகணிதப் புத்தகத்தில். இத்தனை காலத்துக்குப் பிறகு கிராண்ட்பாஸிலிருந்து திருத்தம் வருகிறது.

கிராண்ட்பாஸ்_எஞ்சினியர் (9.11)
ஊரை இழுக்க வேண்டாம் மாஸ்டர்.

லண்டன்_ஓஎல்_அம்மா (9.14)
மகளின் கல்குலேட்டரில் √9 அடித்துப் பார்த்தேன், 3 மட்டும்தான் காட்டுகிறது. இவ்வளவு சண்டை எதற்கு?

பழைய_மாஸ்டர் (9.16)
கல்குலேட்டர் சொன்னால் கணிதம் ஆகிவிடுமா? எங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு மடக்கை அட்டவணையோடுதான் உட்காருகிறார்கள். லண்டன் பேப்பருக்குக் கையில் மெஷின்.

லண்டன்_ஓஎல்_அம்மா (9.20)
மெஷின் இருந்தாலும் செய்கை எழுதாவிட்டால் புள்ளி போகும் சேர். மெஷின் சமன்பாட்டை வைத்துத் தராது. நீங்கள் ஒரு லண்டன் பேப்பரையாவது பார்த்துவிட்டுப் பேசலாம்.

எட்டாம்_வாய்ப்பாடு (9.23)
மடக்கை அட்டவணை எல்லாம் சுமை. கடையில் பில் போடுகிறவர் மடக்கையா பார்க்கிறார்?

மழைக்கோட்டு (9.26)
பாடத்திட்டச் சண்டைக்கு வேறு இழை திறவுங்கோ. எட்டாம் வாய்ப்பாடு அண்ணா, உங்கள் மறை விதிக்கு ஒரு கணக்கு:

√(2ய + 3) − √(ய + 1) = 1

ஒரு மூலத்தை அந்தப் பக்கம் அனுப்பி வர்க்கித்தால் 2ய + 3 = ய + 2 + 2√(ய + 1). சுருக்கினால் ய + 1 = 2√(ய + 1). இன்னொருமுறை வர்க்கித்தால் (ய + 1)² = 4(ய + 1). விடை 3, −1. இரண்டையும் போட்டுப் பாருங்கோ: 3 − 2 = 1, 1 − 0 = 1. இரண்டும் சரி. மறை என்று −1 ஐ வெட்டினால் பாதி விடை போச்சு. இன்னொரு குழியும் இதே இடத்தில் இருக்கிறது: ய + 1 = 2√(ய + 1) என்ற வரியில் இரு பக்கத்தையும் √(ய + 1) ஆல் வகுக்கிற ஆட்கள் உண்டு. அது பூச்சியமாகலாம் என்பதை மறந்து வகுத்தால் −1 காணாமல் போகும். வர்க்கித்தால் இல்லாத விடை வரும், வகுத்தால் இருக்கிற விடை போகும்.

எட்டாம்_வாய்ப்பாடு (9.30)
இப்படி ஒரு கணக்கு பேப்பரில் வராது.

கொட்டாஞ்சேனை_பெடியன் (9.34)
இங்கே கரண்ட் போய்விட்டது, போன் சார்ஜ் குறைவு. இன்னொன்று:
ய/(ய − 2) + 1/(ய + 2) = 8/(ய² − 4)
எனக்கு 2, −5 வந்தது. மேலே அண்ணா சொன்ன மாதிரி மறையை வெட்டி 2 என்று எழுதினேன். விடைத்தாளில் −5.

நித்திலா (9.41)
இதில் மூலமே இல்லையே தம்பி, மறையை ஏன் வெட்டினீர்கள்? பின்னத்தில் பார்க்க வேண்டியது பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே இருப்பதை. ய = 2 என்றால் ய − 2 பூச்சியம். முதல் பின்னத்துக்கே அர்த்தம் இல்லை. ய² − 4 உம் பூச்சியம். ஆகவே கணக்கைத் தொடங்க முன்னமே எழுதுங்கோ: ய ≠ 2, ய ≠ −2.

பிறகு பகுதிகளின் பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) ஆன (ய − 2)(ய + 2) ஆல் பெருக்கினால்:
ய(ய + 2) + (ய − 2) = 8
ய² + 3ய − 10 = 0
(ய + 5)(ய − 2) = 0

2 வெளியே, −5 உள்ளே. போட்டுப் பார்த்தால் இடது 5/7 − 1/3 = 8/21, வலது 8/21.

மூன்று பகுதிகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று பெருக்க வேண்டாம். நான்காம் படியில் போய் நிற்பீர்கள், 2 உம் −2 உம் சும்மா வந்து சேரும். ய² − 4 ஐ முதலில் காரணிப்படுத்தினால் அது ஏற்கெனவே மற்ற இரண்டின் பெருக்கம்தான் என்று தெரியும்.

பேப்பரில் 2 ஐ வெறுமனே கோடு போட்டு வெட்டாமல், ஏன் விலக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கோ.

கிராண்ட்பாஸ்_எஞ்சினியர் (9.44)
√9 பற்றி என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய_மாஸ்டர் (9.45)
வந்தது. 9.08.

கொட்டாஞ்சேனை_பெடியன் (9.52)
விளங்கிட்டு. நன்றி அக்கா. போன் சாகப்போகுது.

லண்டன்_ஓஎல்_அம்மா (10.06)
சண்டை முடிந்தால் ஒன்று கேட்கலாமா? மகளுக்குக் கனமூலம் ஒன்று வந்திருக்கிறது: ∛(ய − 6) = −2. வலது பக்கம் மறை, ஆகவே விடை இல்லை என்று எழுதியிருக்கிறாள். நித்திலா சொன்னதைத்தான் வாசித்துக் காட்டினேன்.

மழைக்கோட்டு (10.13)
அது வர்க்கமூலத்துக்குச் சொன்னது. கனமூலம் மறையாகலாம். இரு பக்கத்தையும் கனப்படுத்தினால் ய − 6 = −8, ய = −2. −8 இன் கனமூலம் −2, பொருந்துகிறது. மெய்யெண்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் கனமூலம் ஒன்றே ஒன்று. −2 உம் 2 உம் கனப்படுத்தினால் −8, 8 என்று தனித்தனியாகவே நிற்கும், வர்க்கிக்கும்போது போல ஒன்றாகிவிடாது. அதனால் கனப்படுத்துவதால் போலி விடை வராது. நான்காம் மூலம் வந்தால் மறுபடி வர்க்கமூலக் கதைதான், அங்கே விடையைப் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கோ.

லண்டன்_ஓஎல்_அம்மா (10.15)
ஐந்தாம் மூலம்?

மழைக்கோட்டு (10.16)
கனமூலம் மாதிரியே. ஒற்றைப் படி என்றால் பயமில்லை.